சொந்தக் காசில் பல் அடைப்பு: ஒரு கட்டணச் சீட்டின் மதிப்புரை

பல் காப்பீடு எதுவும் இல்லாத நிலையில், முழுச் செலவையும் கையிலிருந்தே கொடுத்து, கீழ்த்தாடையின் ஒரே பக்கத்தில் இருந்த இரண்டு சொத்தைப் பற்களை ஒரு தனியார் பல் மருத்துவ நிலையத்தில் அடைத்துக்கொண்டேன். வேலை நேர்த்தியாக இருந்தது; அதன் விலையைச் சொன்ன விதம் அப்படி இல்லை. இரண்டையும் ஒரே தராசில் போட்டால் ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும் என்பதால் தனித்தனியாகவே எழுதுகிறேன். நிலையத்தின் பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் நான் குறை கூறப்போகும் பழக்கங்களைப் பல இடங்களில் காணலாம். நாணயமும் கட்டணமும் நாட்டுக்கு நாடு மாறுவதால், பல்லின் ஒரே ஒரு முகத்தில், அதாவது ஒரு பக்கத்தில் மட்டும், போடும் பல் நிற அடைப்புக்கு அங்கே வாங்கும் தொகையை 100 என்று வைத்துக்கொண்டு, மற்றச் செலவுகளை அந்த அளவிலேயே தருகிறேன்.

தொலைபேசியில் கேட்டபோது, "ஃபில்லிங் இவ்வளவிலிருந்து ஆரம்பம்" என்று வரவேற்பாளர் சொன்ன தொகை அந்த 100தான். இரண்டு பல் என்றால் 200 என்று எவரும் கணக்குப் போடுவார்கள். சிகிச்சை முடிந்து கையில் வந்த சீட்டில் 390 இருந்தது. ஆலோசனைக்கு 30, இரண்டு சிறிய எக்ஸ்ரே படங்களுக்கு 30, முதல் பல்லுக்கு 100, இரண்டாவது பல்லுக்கு 190, அதற்கும் கீழே 'பாலிஷ்' என்ற பெயரில் பல்லுக்கு 20 வீதம் 40. 'இருந்து ஆரம்பம்' என்ற சொல்லுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைச் சீட்டைப் பார்த்த பிறகுதான் நோயாளி அறிகிறார்.

இதில் 100க்கும் 190க்கும் இடையிலுள்ள வேறுபாடு விளங்கிவிட்டால், பல் அடைப்புக்கு விலை போடும் முறையில் பாதி விளங்கிவிடும். அடைப்பைப் பல் கணக்கில் எண்ணுவதில்லை. முகக் கணக்கில் எண்ணுகிறார்கள். கடைவாய்ப்பல் ஒவ்வொன்றுக்கும் ஐந்து முகங்கள்: மெல்லும் மேற்பரப்பு, கன்னத்தைப் பார்த்த பக்கம், நாக்கைப் பார்த்த பக்கம், முன்னே நிற்கும் பல்லைத் தொடும் பக்கம், பின்னே நிற்கும் பல்லைத் தொடும் பக்கம். எனக்கு முதல் பல்லில் சொத்தை மேற்பரப்பின் பள்ளத்தோடு நின்றிருந்தது. ஆகவே ஒரு முகம். இரண்டாவதில் அது பக்கத்துப் பல்லைத் தொடும் இடத்தில் தொடங்கி மேலே ஏறியிருந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்து இரண்டு முகம், 150 என்றார்கள். குடைந்த பிறகு நாக்குப் பக்கத்துச் சுவரும் உள்ளே அரித்துப் போயிருப்பது தெரிந்து, அது மூன்று முகமாகி 190க்கு ஏறியது.

இந்த ஏற்றத்தில் ஏமாற்று எதுவும் இல்லை என்பதை நிலையத்தின் சார்பில் நானே சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரேயில் விழுவது பல்லின் தட்டையான நிழல் மட்டுமே. சொத்தை படத்தில் தெரிவதைவிட உண்மையில் பெரிதாக இருப்பது பல் மருத்துவத்தில் அன்றாட அனுபவம். என் குறை வேறு. ஏறக்கூடும் என்பதையும், ஏறினால் எவ்வளவு என்பதையும் நாற்காலியில் சாய்வதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். தாடையில் ஒரு பாதி மரத்துப்போய், வாய்க்கு மேல் ரப்பர் திரை விரித்துக் கிடக்கும் ஒருவரிடம் "இன்னொரு முகம் சேர்க்க வேண்டியிருக்கிறது, பரவாயில்லையா?" என்று கேட்டுத் தலையசைப்பைப் பெறுவதை ஒப்புதல் என்று எப்படிக் கொள்வது? ஒரு முகம், இரண்டு முகம், மூன்று முகம் என்று மூன்று தொகைகளை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்திருந்தால் இந்தப் பத்திக்கே தேவை இருந்திருக்காது.

எக்ஸ்ரே விஷயத்தில் எனக்கு மனநிறைவே. இரண்டு பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் மறைந்திருக்கும் சொத்தை கண்ணுக்கும் கண்ணாடிக்கும் எளிதில் சிக்காது. அட்டையைக் கடித்தபடி எடுக்கும் சிறு படத்தில்தான் அது தெளிவாக விழும். தாடை முழுவதையும் சுற்றி எடுக்கும் பெரிய படம் வேண்டுமா என்று உதவியாளர் முதலில் கேட்டார். அதன் கட்டணம் 80. அடைப்புக்கு அது எதற்கு என்று மருத்துவரிடம் கேட்டேன். "இதற்குத் தேவையில்லை, இடைப்பட்ட சொத்தைக்குச் சின்னப் படம்தான் துல்லியம்" என்று அவரே மறுத்துவிட்டார். கேட்காமல் இருந்திருந்தால் அந்த 80ம் சீட்டில் ஏறியிருக்குமா என்ற கேள்விக்கு நிலையம்தான் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்தது, எதை வைத்து அடைப்பது என்ற பேச்சு. காப்பீடு இருப்பவருக்கு இந்த முடிவைப் பல நேரங்களில் காப்பீட்டு நிறுவனமே எடுத்துவிடுகிறது. கையிலிருந்து கொடுப்பவருக்கு அது முழுக்க அவருடைய முடிவு. மருத்துவர் மூன்று வழிகளைச் சொன்னார். வெள்ளி அடைப்பு என்று நாம் அழைக்கும் அமால்கத்தில் எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம். மீதி வெள்ளி, தகரம், செம்பு. கடிக்கும் வேகத்தைத் தாங்குவதிலும், எச்சில் கொஞ்சம் பட்டாலும் கெட்டுவிடாத குணத்திலும், விலையிலும் அதற்கு ஈடு வைப்பது கடினம். ஆயினும் பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை அதை மெல்ல மெல்ல விலக்கிக்கொண்டு வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 தொடக்கம் முதல், மருத்துவத் தேவை இருந்தாலொழிய அதைப் போட முடியாது. நான் சென்ற நிலையத்திலும் அது கைவசம் இல்லை. மலிவான வழி அடைபடும்போது அதன் பாரம் முதலில் விழுவது காப்பீடு இல்லாதவர் தலையில்தான் என்பதைப் பாதரசத்துக்கு எதிராகப் பேசுவோர் கொஞ்சம் சேர்த்துப் பேசினால் நன்றாக இருக்கும்.

இரண்டாவது வழி கிளாஸ் அயனோமர். வில்சன், கென்ட் என்ற ஆய்வாளர்கள் 1970களின் தொடக்கத்தில் உலகுக்குத் தந்த இந்தச் சிமெண்ட், பல்லோடு தானாகவே வேதிமுறையில் ஒட்டிக்கொள்ளும். சிறிது சிறிதாக ஃபுளோரைடையும் வெளிவிடும். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் தன் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இதைச் சேர்த்தது. நிலையத்தின் கணக்கில் இதன் விலை 60. ஆனால், பெரிய கடைவாய்ப்பல்லின் கடிக்கும் பரப்பில் இது சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று மருத்துவர் எச்சரித்தார். பால் பற்களுக்கும், ஈறோரத்துச் சொத்தைக்கும், தற்காலிகமாகக் காலம் தள்ளவும் இது பொருத்தம். எனக்கு இருந்த இடத்துக்குப் பொருத்தமில்லை. மலிவான பொருளை அவர் மறைக்காமல் முன்வைத்ததையும், அது ஏன் வேண்டாம் என்பதற்குக் காரணம் சொன்னதையும் இந்த நிலையத்தின் நல்ல பக்கத்தில் எழுதுகிறேன்.

ஆக, கம்போசிட் எனப்படும் பல் நிறப் பிசின். இதன் மூலப் பிசினுக்கு அமெரிக்க ஆய்வாளர் ரஃபேல் போவன் 1962இல் காப்புரிமை பெற்றார்; அது பல்லில் ஒட்டுவதற்கான வழியை, அதாவது பல்லின் வெளி உறையான எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கும் உத்தியை, மைக்கேல் புவனோகோர் 1955லேயே காட்டியிருந்தார். இத்தனை பழைய பொருள் இன்னும் ஏன் விலை கூடுதலாக இருக்கிறது என்ற கேள்விக்கு, நாற்காலியில் இருந்த நேரம் எனக்குப் பதில் சொன்னது. விலையில் பெரும்பங்கு பிசினுக்குப் போவதில்லை. அதைப் போடும் நேரத்துக்கும், அந்த நேரம் முழுவதும் பல்லை ஈரம் படாமல் காப்பதற்கும் போகிறது.

ஊசி போட்டு மரத்ததும், ஒரு மெல்லிய ரப்பர் விரிப்பில் துளையிட்டு, அடைக்க வேண்டிய இரண்டு பற்கள் மட்டும் வெளியே நிற்கும்படி கொக்கியால் மாட்டினார்கள். சான்ஃபோர்ட் பார்னம் என்ற பல் மருத்துவர் 1864இல் கண்டுபிடித்த இந்த விரிப்பைப் பல நிலையங்கள் நேரம் போகிறது என்று தவிர்த்துவிட்டு, பஞ்சுருளைகளை வைத்தே சமாளிக்கின்றன. சொத்தையைச் சுரண்டும்போது மருத்துவர் அதிவேகத் துளைப்பானைப் பாதியில் நிறுத்திவிட்டு, மெதுவாகச் சுழலும் கருவிக்கும் கைக்கரண்டிக்கும் மாறினார். ஆழத்தில், நரம்பு இருக்கும் பற்கூழுக்கு அருகே உள்ள பகுதியை அவசரமாகக் குடைந்தால் நரம்பு திறந்துகொள்ளும் என்பதால் அந்த நிதானம். பிறகு நீல நிறத்தில் பசை போன்ற பாஸ்பாரிக் அமிலத்தைத் தடவிச் சில நொடிகள் வைத்திருந்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, காற்றால் உலர்த்தினார்கள். உலர்ந்த எனாமல் சுண்ணாம்பு போல வெளிறிப்போனதை உதவியாளர் கைக்கண்ணாடியில் காட்டினார். அந்த நிலையில் ஒரு துளி எச்சில் பட்டாலும் ஒட்டுதல் கெட்டு, அமிலத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது பல்லில் ஒரு பக்கச் சுவரே இல்லாததால், பல்லைச் சுற்றி மெல்லிய உலோகப் பட்டை ஒன்றைக் கட்டி, அடியில் சிறிய மர ஆப்பு செருகி இறுக்கினார்கள். கான்கிரீட் ஊற்றுமுன் அடிக்கும் சென்ட்ரிங் பலகையின் வேலைதான் அதற்கும். ஆப்பு சரியாக இறுகாவிட்டால் பிசின் ஈறுப் பக்கம் பிதுங்கும். பட்டை வளைவாக நிற்காவிட்டால் இரு பற்களுக்கும் நடுவே சந்து விழுந்து, பிறகு வேளாவேளைக்கு உணவு சிக்கும். இதற்கே கணிசமான நேரம் போயிற்று. பிசினையும் ஒரே மூச்சில் திணிக்க முடியாது. வழக்கமான கம்போசிட்டைச் சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல ஒளியால் இறுக்க வேண்டும்; அதைவிடத் தடிமனானால் ஒளி அடிவரை போகாது, மேலே கல்லாகவும் கீழே களியாகவும் நின்றுவிடும். இறுகும்போது பிசின் சற்றே சுருங்குவதால், எந்தச் சுவரோடு எந்த அடுக்கை ஒட்டுவது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. மூன்று முகத்துக்கு 190 என்ற தொகையை இந்த வேலையோடு சேர்த்துப் பார்க்கும்போது அதை அதிகம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ரப்பர் விரிப்பும் இல்லாமல், அடுக்கும் பிரிக்காமல், கால்வாசி நேரத்தில் முடித்துவிட்டு 100 வாங்கும் இடம் இருந்தால் அதுவே எனக்கு விலை அதிகமான இடம்.

ஆனால் 'பாலிஷ்' கட்டணத்தை ஏற்க முடியாது. அடைப்பின் விளிம்பைச் சீராக்குவதும், பரப்பை வழவழப்பாக்குவதும் அடைப்பு வேலையின் கடைசிப் பகுதி; சொரசொரப்பாக விட்டால் அதன்மேல் அழுக்குப் படலம் சேர்ந்து ஓரத்திலேயே மறுபடி சொத்தை தொடங்கும். அதைத் தனிச் சேவையாகக் காட்டிப் பல்லுக்கு 20 போடுவது, சட்டையைத் தைத்துவிட்டுப் பொத்தானுக்குத் தனிக்கூலி கேட்பதைவிடக் கொஞ்சம்தான் நாகரிகமானது. கணக்கரிடம் இதைச் சொன்னபோது முதலில் "எல்லாருக்கும் இப்படித்தான் சார் போடுகிறோம்" என்றார். சிகிச்சைக்கு முன் இதை எவரும் சொல்லவில்லையே என்று கேட்டதும், உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து 40ஐயும் நீக்கினார். சீட்டு 350க்கு இறங்கியது. நீக்கியது நன்று, கேட்பவருக்கு நீங்குவதும் கேளாதவருக்கு நிலைப்பதுமான ஒரு கட்டணம் சீட்டில் இருப்பதே தவறு.

மரப்பு இறங்கியபின் இரண்டாவது பல் மற்றவற்றுக்கு முன்னே முட்டுவது தெரிந்தது. ஊசியின் மரப்பில் சரியாகக் கடித்துக் காட்ட முடியாது என்பதால் இது அடிக்கடி நேர்வதுதான். மறுபடி போனபோது, நிறத்தாளைக் கடிக்கச் சொல்லி, கறை அழுத்தமாகப் பதிந்த மேட்டை மட்டும் தேய்த்துவிட்டார்கள். கட்டணம் வாங்கவில்லை. குளிர்ந்த நீர் பட்டால் கூசுவது சில வாரங்களுக்கு இருக்கலாம், நாளுக்கு நாள் குறைய வேண்டும், இரவில் தானாக வலித்தால் உடனே வர வேண்டும் என்று மருத்துவர் விளக்கியதும் பயனுள்ளதாக இருந்தது. ஓராண்டுக்குள் அடைப்பு கழன்றாலோ உடைந்தாலோ கட்டணமில்லாமல் மாற்றித் தருவதாகவும் சொன்னார்கள். சீட்டின் பின்புறத்தில் அதை எழுதி வாங்கிக்கொண்டேன்.

காப்பீடு இருந்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று கேட்போருக்கு நேரான பதில் சொல்வது கடினம். நிரந்தரப் பற்களில் சொத்தை உள்ளவர்கள் உலகில் சுமார் 200 கோடிப் பேர் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. ஏறக்குறைய எல்லாருக்கும் என்றாவது வரக்கூடிய ஒரு செலவை எந்தக் காப்பீட்டு நிறுவனமும் தாராளமாக ஏற்காது. ஆகவேதான் பல இடங்களில் பல் மருத்துவம் பொதுவான மருத்துவக் காப்பீட்டுக்கு வெளியே நிற்கிறது; தனியாக எடுத்தாலும் ஆண்டு உச்சவரம்பு, காத்திருப்புக் காலம், மலிவான பொருளுக்கு மட்டுமே பணம் என்ற நிபந்தனைகள் வருகின்றன. ஆண்டுக்கு ஒன்றிரண்டு சிறு அடைப்புகள் மட்டும் தேவைப்படுபவர், கட்டும் சந்தாவையும் திரும்பக் கிடைப்பதையும் கூட்டிக் கழித்துப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

காப்பீடு இல்லாதவர் மிகவும் அஞ்ச வேண்டிய தொகை அடைப்பின் தொகை அல்ல. எனாமலில் நரம்பு இல்லாததால் சொத்தை தொடக்கத்தில் வலிப்பதில்லை; வலிக்கத் தொடங்கும்போது பெரும்பாலும் அது எனாமலுக்கு அடியில் உள்ள டென்டின் அடுக்கைத் தாண்டிப் பற்கூழை நெருங்கிவிட்டிருக்கும். அதே நிலையத்தில் கடைவாய்ப்பல் ஒன்றுக்கு ரூட் கேனலும் அதன்மேல் கேப்பும் சேர்ந்து 900. காசு சேரட்டும் என்று தள்ளிப்போடும் முடிவு புரிந்துகொள்ளக்கூடியதே, ஆனால் 100 சேர்வதற்குள் தேவை 190 ஆகி, அது சேர்வதற்குள் 900 ஆகிவிடுகிறது. உடனடியாக முழுத் தொகையையும் புரட்ட முடியாதவர், சொத்தையைச் சுரண்டிவிட்டுக் கிளாஸ் அயனோமரால் மூடிவைக்கச் சொல்லி மருத்துவரிடமே கேட்கலாம். நல்ல மருத்துவர் இதைத் தரக்குறைவாக எண்ண மாட்டார்.

செலவைக் குறைக்க எனக்கு உதவியது இரண்டு பற்களையும் ஒரே அமர்வில் முடித்ததுதான். ஒரே பக்கம் என்பதால் ஒரே ஊசி, ஒரே விரிப்பு, ஒரே ஆலோசனைக் கட்டணம். காப்பீட்டுப் படிவங்கள் இல்லாமல் அன்றே முழுத் தொகையும் தருபவருக்குக் கழிவு உண்டா என்றும் கேட்டேன். இந்த நிலையத்தில் இல்லை, ஆனால் வட்டியில்லாமல் இரண்டு தவணையாகக் கட்டலாம் என்றார்கள். நேரம் தாராளமாக இருப்பவருக்குப் பல் மருத்துவக் கல்லூரிகள் இன்னும் மலிவு. மாணவர் செய்யும் ஒவ்வொரு கட்டத்தையும் ஆசிரியர் பார்த்து ஒப்புவதால் அமர்வு நீளும், ஆனால் பல தனியார் இடங்களைவிட அங்கே விதிமுறை கண்டிப்பாக இருக்கும்.

சிகிச்சைக்கு ஐந்தில் நான்கரை, கட்டண வெளிப்படைக்கு ஐந்தில் இரண்டு. அந்த இரண்டும் மருத்துவருக்காகக் கொடுத்தவை. வரவேற்பு மேசைக்கு நான் எதையும் கொடுக்கவில்லை. இதே இடத்துக்கு மறுபடி போவேனா என்றால், போவேன். எக்ஸ்ரேயில் மூன்றாவதாக ஒரு பல்லிலும் எனாமல் அளவில் ஒரு மங்கல் தெரிந்தது. அதையும் சேர்த்து அடைத்துவிடச் சொல்லி இன்னொரு 100 வாங்கியிருக்க முடியும். மருத்துவர் வேண்டாம் என்றார்: குழி விழாத தொடக்கச் சொத்தை ஃபுளோரைடாலும் ஒழுங்கான துலக்கலாலும் அப்படியே நின்றுவிடக்கூடும், ஒருமுறை குடைந்துவிட்டால் அந்தப் பல்லுக்கு வாழ்நாள் முழுவதும் அடைப்பை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். ஃபுளோரைடு வார்னிஷ் தடவினார். அடுத்த ஆண்டு அதே கோணத்தில் ஒரு படம் எடுத்து ஒப்பிடுவதாகப் பேச்சு. அதன் கட்டணத்தை இந்த முறை முன்கூட்டியே எழுதி வாங்கியிருக்கிறேன்.